தாத்தா சாம்பியன், பேரனால் படி ஏற முடியவில்லை: லாப்ரடார் சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

என் தாய்மாமா தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது பேராக்கில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் நாய்க்குக் காசு கொடுத்ததே இல்லை. லயத்துக்கு லயம் நாய் இருக்கும். குட்டி போட்டால் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

தாமானுக்கு வந்த பிறகு, பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று 3,000 வெள்ளி கொடுத்துக் கறுப்பு லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினார். கூடவே வம்சாவளிச் சான்றிதழும் வந்தது. அப்பா, தாத்தா, பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள். தாத்தா பெயருக்கு முன்னால் ‘சாம்பியன்’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. மாமா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தார்.

நாய்க்கு இரண்டு வயது ஆவதற்குள் பின்னங்கால் இழுக்கத் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், இடுப்பு மூட்டு சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டார்.

போன தீபாவளிக்குப் போனபோது மாமா அந்தச் சான்றிதழை என் கையில் கொடுத்துக் கேட்டார்: “நீதான் பத்திரிகையில இருக்கியே, விசாரிச்சுச் சொல்லு. தாத்தா சாம்பியன்னு போட்டிருக்கு. இவனால வாசப்படி ஏற முடியல. அப்ப இந்தக் காகிதம் என்னதான் சொல்லுது?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால், ஒரு நாய் இனம் எப்படி உருவாகிறது, எப்படிக் காப்பாற்றப்படுகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்ற முழுக் கதைக்கே போக வேண்டியிருக்கிறது.

துப்பாக்கிக்குத் துணை போகும் நாய்

லாப்ரடார் வீட்டு நாயாகப் பிறந்த இனம் அல்ல. அது ‘கன்டாக்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. துப்பாக்கியோடு பறவை வேட்டைக்குப் போகிறவருக்குத் துணையாக வேலை செய்யும் நாய் என்பது பொருள்.

நம் தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்டும் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். பன்றி நாயின் வேலை துரத்துவது, மடக்குவது, கடித்துப் பிடிப்பது. துப்பாக்கிக்குத் துணை போகும் நாய் எதையும் கொல்லக் கூடாது. சுடுவது மனிதனின் வேலை. நாய் அதற்கு முன்னும் பின்னும் உதவ வேண்டும்.

அந்த உதவி மூன்று வகைப்படும். பாயின்டர், செட்டர் போன்ற நாய்கள் புதரில் பறவை இருப்பதை மோப்பத்தால் அறிந்து, அந்த இடத்திலேயே அசையாமல் நின்று சுட்டிக்காட்டும். ஸ்பானியல் வகை நாய்கள் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். மூன்றாவது வகை ரிட்ரீவர். சுடப்பட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து, எஜமானர் கையில் சேதமில்லாமல் ஒப்படைப்பது அதன் வேலை. லாப்ரடார் இந்த மூன்றாம் வகை.

அந்த வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தலைக்கு மேல் துப்பாக்கி வெடிக்கிறது. பறவை நூறு அடி தள்ளி விழுகிறது. நாய் ஓடக் கூடாது, குரைக்கக் கூடாது. எங்கே விழுந்தது என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ‘போ’ என்ற கட்டளை வந்ததும் முள், சேறு, குளிர்ந்த தண்ணீர் எதுவானாலும் நேராகப் போய் எடுத்துவர வேண்டும். விழுந்த இடத்தை அது பார்க்கவில்லை என்றால், தூரத்தில் நிற்கும் எஜமானரின் விசில் ஒலிக்கும் கை அசைவுக்கும் ஏற்ப இடம், வலம் திரும்பித் தேட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நாய்க்குப் பயிற்சியால் மட்டுமே கொடுத்துவிட முடியாது. எடுத்துவரும் ஆசை, தண்ணீர் மோகம், மனிதனோடு ஒத்துப்போகும் குணம், மென்மையான வாய் ஆகியவை பிறப்பிலேயே பெரும் பங்கு வர வேண்டும். பயிற்சி அவற்றைக் கூர்மையாக்கும். அதனால்தான் எந்த நாயை எந்த நாயோடு சேர்ப்பது என்பது முக்கியமாகிறது.

மீன் படகிலிருந்து பிரபு மாளிகைக்கு

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வாழ்ந்தவை. செயின்ட் ஜான்ஸ் நாய் என்று அழைக்கப்பட்ட அவை, பனிக்கடலில் குதித்து, கயிற்றையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் எடுத்து வந்தன. குட்டையான, அடர்ந்த ரோமம் தண்ணீரை உள்ளே விடாது. நீண்ட ரோமம் என்றால் அதில் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும். அங்கே அழகுக்காக யாரும் நாய் வளர்க்கவில்லை. வேலைக்கு உதவாத நாய்க்குச் சோறு போடும் வசதி அந்த மீனவர்களுக்கு இல்லை.

மீன் வணிகக் கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பூல் துறைமுகத்துக்கு வந்தபோது இந்த நாய்களும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த வட்டாரத்தின் மால்ம்ஸ்பரி பிரபுக்கள் அவற்றை வாத்து வேட்டைக்கு வளர்க்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தில் பக்ளூ கோமகன் குடும்பமும் தனியாக இவற்றை வளர்த்து வந்தது. 1880களில் மூன்றாம் மால்ம்ஸ்பரி பிரபு, நெட், ஏவன் என்ற ஆண் நாய்கள் உள்ளிட்ட சிலவற்றைப் பக்ளூ குடும்பத்துக்குக் கொடுத்தார். இன்றைய லாப்ரடார்களின் வேர் பெரும்பாலும் அந்தச் சில நாய்களிடம்தான் போய் முடிகிறது.

1873இல் லண்டனில் தொடங்கப்பட்ட கென்னல் கிளப், 1903இல் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. ரிட்ரீவர் வகைகளைக் கலந்து வளர்ப்பது அன்று சாதாரணம். பாதி வேறு இன ரத்தம் உள்ள நாய்கூட, பார்க்க லாப்ரடார் போல் இருந்தால் அந்தப் பெயரில் பதிவாக முடிந்தது. இதைச் சரிசெய்ய 1916இல் லாப்ரடார் ரிட்ரீவர் கிளப் தோன்றியது. இனத்துக்கான தர விதியும் எழுத்தில் வந்தது.

வேலை முதலில் வந்தது, விதி பிறகு வந்தது. விதியில் உள்ள சொற்களைப் பார்த்தாலே இது புரியும். வால் அடிப்பகுதியில் பருத்து, நுனியில் மெலிந்து, நீர்நாயின் வால் போல் இருக்க வேண்டும் என்கிறது விதி. நீந்தும்போது அதுதான் சுக்கான். ரோமம் இரண்டு அடுக்காக, மழைக்கும் குளிருக்கும் தாங்க வேண்டும். மோப்பம் சிறந்து, வாய் மென்மையாக, தண்ணீர் மீது தீராத ஆசையோடு இருக்க வேண்டும். ஆண் நாயின் உயரம் தோள்பட்டையில் 56 முதல் 57 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 55 முதல் 56. நாள் முழுக்க நடக்கவும், வாயில் ஒரு பறவையோடு வேலி தாண்டவும் ஏற்ற உடம்பு அது.

களத்தில் நடக்கும் தேர்வு

ஒரு நாய்க்கு மென்மையான வாய் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிவிடலாம். இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் களப்போட்டிகள்.

பிரிட்டனில் ரிட்ரீவர்களுக்கான தேசியக் களப்போட்டி 1909 முதல் நடந்து வருகிறது. உண்மையான வேட்டை நாளில், உண்மையான பறவைகளோடு நடக்கும் தேர்வு இது. நாய் பறவையைக் கொண்டுவந்ததும் நடுவர் அதன் விலா எலும்புகளைக் கையால் தடவிப் பார்ப்பார். நாய் கடித்து எலும்பு நொறுங்கியிருந்தால், அந்த நாய் அங்கேயே வெளியேற்றப்படும். ‘கடின வாய்’ என்பது மன்னிப்பில்லாத குற்றம். காரணம் எளிது. அந்தப் பறவை சமையலறைக்குப் போகவேண்டியது. நொறுங்கிய இறைச்சி யாருக்கும் உதவாது.

முனகினாலோ குரைத்தாலோ வெளியே. கட்டளைக்கு முன் ஓடினாலும் வெளியே. தண்ணீரில் இறங்க மறுத்தாலும், கட்டுப்பாட்டை மீறித் திரிந்தாலும் வெளியே. அந்த நாய் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

இந்தப் போட்டிகளில் வென்ற நாய்களையே பலரும் இனப்பெருக்கத்துக்குத் தேடுவார்கள். இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் முனகுகிற நாயும் கடிக்கிற நாயும் வம்சத்திலிருந்து விலக்கப்பட, அமைதியான, மென்மையான நாய்கள் பெருகின. இன்று நம் வீட்டுக் குழந்தை லாப்ரடாரின் வாயில் கையை விட்டு விளையாடுகிறதே, அந்தப் பொறுமைக்கும் மென்மைக்கும் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்த வடிகட்டல் இருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு நாய்கள்

சிக்கல் தொடங்கிய இடம் கண்காட்சி மேடை. கண்காட்சியில் நடுவர் நாயின் உருவம், நடை, தலை அமைப்பு, ரோமம் ஆகியவற்றைத் தர விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வாய் மென்மையா, துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படுமா, தண்ணீரில் இறங்குமா என்பதை அந்த மேடையில் சோதிக்க முடியாது.

ஆரம்பக் காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. ஹோவ் சீமாட்டியின் புகழ்பெற்ற கறுப்பு நாய் பேன்கரி போலோ, களத்திலும் மேடையிலும் வென்று ‘இரட்டைச் சாம்பியன்’ ஆன முதல் லாப்ரடார். காலையில் வேட்டை, மறுநாள் மேடை என்று ஒரே நாய் இரண்டையும் செய்தது.

பிறகு வழிகள் பிரிந்தன. களப்போட்டிக்கு வளர்த்தவர்கள் வேகத்தையும் சொன்ன பேச்சு கேட்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் நாய்கள் மெலிந்து, கால் நீண்டு, துடிப்பாக ஆயின. கண்காட்சிக்கு வளர்த்தவர்கள் அகன்ற தலை, தடித்த உடம்பு, கம்பீரமான தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டனில் இரண்டிலும் பட்டம் வென்ற லாப்ரடார் பல பத்தாண்டுகளாக வரவில்லை.

நம் ஊரில் குட்டி விற்பவர்கள் ‘இங்கிலீஷ் லாப்’, ‘அமெரிக்கன் லாப்’ என்று இரண்டு வகை சொல்வார்கள். உண்மையில் அது நாட்டைப் பொறுத்த வேறுபாடு அல்ல. தடித்த கண்காட்சி வழியை இங்கிலீஷ் என்றும், மெலிந்த கள வழியை அமெரிக்கன் என்றும் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். இரண்டு வழியும் இரண்டு நாட்டிலும் உண்டு.

பிரிட்டனில் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கித் துணை இனங்களைச் சேர்ந்த நாய், கண்காட்சியில் மட்டும் வென்றால் ‘ஷோ சாம்பியன்’. முழுச் ‘சாம்பியன்’ பட்டம் வேண்டுமானால் களத்திலும் அடிப்படைத் தகுதி காட்ட வேண்டும். ஆனால் பல நாடுகளில் மேடையில் வென்றாலே ‘சாம்பியன்’ என்று எழுதிக்கொள்ளலாம். மாமா கையில் இருந்த சான்றிதழில் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் களப்போட்டியைக் குறிக்கும் எந்த எழுத்தும் இல்லை. தாத்தா அழகுப் போட்டியில் வென்றிருக்கலாம். அது பொய் அல்ல. ஆனால் மாமா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

ஜெர்மன்காரர்கள் போட்ட நிபந்தனை

இந்தப் பிளவைத் தொடக்கத்திலேயே தடுக்க முயன்றவர்கள் ஜெர்மானியர்கள். அங்கே டாய்ச் டிராட்ஹார் என்று ஓர் இனம் உண்டு. கம்பி போன்ற முரட்டு ரோமமும் தாடியும் கொண்ட வேட்டை நாய். 1902இல் அதற்கான சங்கம் தொடங்கியபோது, பல முரட்டு ரோம வகைகளைக் கலந்துதான் இனத்தை உருவாக்கினார்கள். எந்தக் கலப்பு என்பதைவிட, எது நன்றாக வேலை செய்கிறது என்பதே அளவுகோல். ‘செயல்திறன் வழியாக இன வடிவம்’ என்பது அவர்களின் கொள்கை. வேலையை ஒழுங்காகச் செய்யும் நாய்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், அந்த வேலைக்கு ஏற்ற உருவம் தானாக வந்துவிடும் என்று நம்பினார்கள்.

நடைமுறை எப்படி? இளம் நாய் வசந்த காலத்தில் இளையோர் தேர்வை எழுத வேண்டும். மோப்பம், தேடல், முயலின் தடம் பிடித்தல், சுட்டிக்காட்டுதல், எஜமானரோடு ஒத்துழைத்தல் ஆகியவை அதில் பார்க்கப்படும். இலையுதிர் காலத்தில் இரண்டாவது தேர்வு. அதில் தண்ணீர் வேலையும் எடுத்துவருதலும் சேரும். அதற்கு மேல் இரண்டு நாள் நடக்கும் முழுத் தேர்வு ஒன்றும் உண்டு. காயம்பட்ட மானின் பழைய ரத்தத் தடத்தைப் பிடித்துப் போவதுகூட அதில் உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கு இனப்பெருக்க அனுமதி கிடையாது.

இவற்றோடு ரோமம், உடலமைப்பு, இடுப்பு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த நாயைச் சேர்க்கைக்கு விட முடியும். தேர்ச்சி பெறாத நாய் வீட்டில் அன்போடு வாழலாம். அதன் குட்டிகளுக்கு டிராட்ஹார் சான்றிதழ் கிடைக்காது.

இதே இனம் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே 1959இல் ஜெர்மன் வயர்ஹேர்ட் பாயின்டர் என்ற பெயரில் அங்கீகரிக்கப்பட்டது. அங்கே தாயும் தந்தையும் பதிவு பெற்ற நாய்கள் என்றால் குட்டிகளையும் பதிவு செய்யலாம். வேலைத் தேர்வு கட்டாயம் இல்லை. ஒரே மூதாதையர்கள்தான். ஆனால் ஜெர்மன் முறையில் வளர்ப்பவர்கள் இவற்றை ஒரே இனமாக ஏற்றுக்கொள்வதில்லை. ரத்தம் ஒன்றாக இருந்தாலும் விதி வேறாகிவிட்டால் இனமும் வேறாகிவிடுகிறது என்பது அவர்களின் வாதம்.

நமக்குப் புரியும்படி சொன்னால், பிறப்புப் பத்திரம் வேறு, எஸ்.பி.எம். சான்றிதழ் வேறு. முதலாவது யாருக்குப் பிறந்தான் என்று சொல்லும். இரண்டாவது என்ன படித்தான் என்று சொல்லும். பெரும்பாலான நாய்ச் சான்றிதழ்கள் பிறப்புப் பத்திரம் மட்டுமே.

மூடிய புத்தகத்தின் விலை

இனப் பதிவேடு மூடிவிட்டால், வெளி ரத்தம் உள்ளே வராது. இதனால் குட்டிகள் ஒரே மாதிரி வரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நாய் போட்டியில் வென்றால் எல்லாரும் அதனிடமே சேர்க்கைக்குப் போவார்கள். சில தலைமுறை கழித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அதுவே தாத்தா. அந்தத் தாத்தாவிடம் மறைந்திருந்த குறையும் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கும்.

மறைந்திருப்பது எப்படி? சில நோய்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணு சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒன்று மட்டும் உள்ள நாய் ஆரோக்கியமாகவே இருக்கும். பந்தயத்திலும் வெல்லும். அப்படிப்பட்ட இரண்டு நாய்களைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

லாப்ரடாருக்குப் படிப்படியாகப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் இப்படித்தான் வருகிறது. கடுமையாக ஓடினால் பின்னங்கால்கள் தளர்ந்து சரிந்துவிடும் ஈ.ஐ.சி. என்ற நோயும் இப்படியே. அதற்கான மரபணுவை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். இன்று இவற்றுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் சோதித்தால் நோயுள்ள குட்டி பிறப்பதையே தவிர்க்கலாம்.

மாமா வீட்டு நாயின் இடுப்புப் பிரச்சினை வேறு ரகம். பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. குட்டிப் பருவத்தில் அதிக எடை போன்ற காரணங்கள் அதை மோசமாக்கும். இதற்கு ஒரே சோதனையில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் எக்ஸ்ரே பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பிரிட்டிஷ் முறையில் ஒரு பக்க இடுப்புக்கு 0 முதல் 53 வரை. இரண்டும் சேர்ந்து 0 முதல் 106 வரை. எண் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு வயது முடிந்த பிறகே எடுக்க முடியும். ஆக, எட்டு வாரக் குட்டிக்கு இடுப்பு மதிப்பெண் இருக்க வழியில்லை. அதன் தாய் தந்தைக்கு இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். மாமாவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நிறத்துக்காக வளர்ப்பதும் ஆபத்தானதே. தர விதி ஏற்கும் நிறங்கள் மூன்று: கறுப்பு, மஞ்சள், சாக்லேட் பழுப்பு. சாக்லேட் நிறம் வேண்டுமானால் தாய் தந்தை இருவரிடமும் அந்த மரபணு இருக்க வேண்டும். அதனால் அந்த நிறம் கேட்டு வருகிறவர்களுக்காக வளர்ப்பவர்கள் சிறிய கூட்டத்துக்குள்ளேயே சேர்க்கை நடத்த நேர்கிறது. பிரிட்டனில் உள்ள லாப்ரடார்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், சாக்லேட் நாய்களின் நடுமதிப்பு ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிற நாய்களுக்கு 12.1 ஆண்டு என்று தெரியவந்தது. அவற்றுக்குக் காது, தோல் நோய்களும் அதிகம். ‘சில்வர் லாப்’ என்று அபூர்வ நிறம் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்த நிறம் தர விதியிலேயே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசியும் ஒரு தகுதிதான்

வேலைக்காகத் தேர்ந்தெடுக்கும்போது கேட்காத ஒன்றும் கூடவே வந்துவிடும் என்பதற்கு ஒரு சுவையான எடுத்துக்காட்டு உண்டு. ‘எங்க லாப்ரடாருக்கு வயிறு நிறைஞ்சதே இல்லை’ என்று எல்லாரும் சொல்வார்கள். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பசி அடங்கிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்றின் ஒரு துண்டு, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் காணாமல் போயிருக்கிறது.

பார்வையற்றோருக்கு வழிகாட்டுதல் போன்ற உதவி வேலைகளுக்கு வளர்க்கப்பட்ட லாப்ரடார்களில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று நாய்களிடம் அந்தப் பழுது இருந்தது. தின்பண்டம் கொடுத்துப் பயிற்றுவிக்கும்போது, பசியுள்ள நாய் வேகமாகக் கற்றுக்கொள்ளும். அந்த நாயைத் தேர்ந்தெடுத்தவர்கள், தங்களை அறியாமல் அந்தப் பசியையும் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2024இல் வந்த அடுத்த ஆய்வு, இந்த நாய்கள் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் சக்தியும் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவு என்று காட்டியது. அதிகமாகப் பசிக்கும், குறைவாகச் செலவாகும். எடை ஏறாமல் என்ன செய்யும்?

எனவே லாப்ரடார் கெஞ்சும்போதெல்லாம் ரொட்டிச் சானாய் போடுவது அன்பு அல்ல. பழுதான இடுப்புள்ள நாய்க்கு ஏறும் ஒவ்வொரு கிலோவும் வலி.

வேட்டை இல்லாத ஊரிலும் வேலை உண்டு

பறவை வேட்டைக்குப் போகாத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2007ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. திரைப்பட வட்டுகள் செய்யப்படும் பொருளின் வாசனையைப் பிடிக்கப் பழக்கப்பட்டவை அவை. அசல் எது, திருட்டு எது என்று அவற்றால் பிரிக்க முடியாது. ஆனால் பூட்டிய கடைக்குள்ளும் மறைவான அறைக்குள்ளும் வட்டுகள் குவிந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தன. அவற்றின் உதவியால் ஒரு மில்லியனுக்கும் அதிகமான வட்டுகள் பிடிபட்டன. அவற்றின் தலைக்கு விலை வைக்கப்பட்டதாகக்கூட அப்போது செய்தி வந்தது.

அந்த நாய்கள் எந்தப் பறவையையும் எடுத்துவரவில்லை. ஆனால் அவற்றின் மோப்பமும், சலிக்காத தேடலும், மனிதனின் சொல்லுக்குக் காத்திருக்கும் குணமும் அந்தப் பறவை வேட்டையிலிருந்து வந்தவை. வேலைத் தேர்வை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால், இன்னும் சில தலைமுறையில் கறுப்புத் தோல் இருக்கும், லாப்ரடார் இருக்காது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மாமாவுக்காக விசாரித்ததில், குட்டி வாங்க நினைக்கும் எவரும் கேட்க வேண்டிய சில கேள்விகள் கிடைத்தன.

தாயை நேரில் பார்க்க முடியுமா? தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்க வேண்டாம். தாய் எப்படி நடக்கிறது, புது ஆளைப் பார்த்துப் பதறுகிறதா என்பதைக் கவனியுங்கள். உங்கள் குட்டியின் குணத்துக்கு அது நல்ல சாட்சி.

தாய் தந்தையின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவு எங்கே? ‘எங்க நாய்க்கு ஒண்ணும் இல்லே’ என்பது முடிவு அல்ல. எண்ணோடு கூடிய அறிக்கை வேண்டும்.

கண் நோய்க்கும் ஈ.ஐ.சி.க்கும் மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா? தாய் தந்தை இரண்டில் ஒன்றாவது முழுக்கச் சுத்தமாக இருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது.

‘சாம்பியன்’ என்றால் எதில்? மேடையிலா, களத்திலா, கீழ்ப்படிதல் போட்டியிலா? பட்டம் வாங்கியவர் அப்பாவா, கொள்ளுத் தாத்தாவா? நான்கு தலைமுறைக்கு முந்திய ஒரு சாம்பியனின் பங்கு உங்கள் குட்டியிடம் பதினாறில் ஒன்றுதான்.

தாய்க்கு என்ன வயது, எத்தனை முறை குட்டி போட்டது? ஓய்வில்லாமல் குட்டி போடவைக்கும் இடத்தை ஆதரிக்காதீர்கள்.

கடைசியாக, உங்களுக்கே ஒரு கேள்வி. நாள்தோறும் ஒரு மணி நேரம் அதோடு நடக்க முடியுமா? நம் வெயிலில் காலையிலோ மாலையிலோதான் முடியும். சிங்கப்பூர் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறிய நாய்களின் பட்டியலில் லாப்ரடார் இல்லை.

இதையெல்லாம் கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கிறாரா? அப்படியென்றால் பதில் கிடைத்துவிட்டது. ஒழுங்காக வளர்ப்பவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். சொல்லப்போனால், அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்பார்.

மாமாவின் முடிவு

போன மாதம் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப யாரும் என்னைப் பொய் சொல்லி ஏமாத்தல. நான் கேக்காததைச் சொல்லாம விட்டுட்டாங்க” என்றார். அதுவும் ஒரு வகை ஏமாற்றுதான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

நாயின் எடையை மருத்துவர் சொன்னபடி ஆறு கிலோ குறைத்திருக்கிறார்கள். வாசப்படிக்குப் பக்கத்தில் மாமாவே சிமெண்டால் ஒரு சரிவு கட்டியிருக்கிறார். பக்கத்துக் குளத்தில் வாரம் மூன்று நாள் நீந்த விடுகிறார். மூட்டுக்குச் சுமை இல்லாத பயிற்சி அது என்று மருத்துவர் சொன்னாராம்.

“தண்ணியில இறங்கினா இவனுக்கு நோயே தெரியலடா சாமி. மட்டையைத் தூக்கிப் போட்டா போய் எடுத்துக்கிட்டு நேரா என் கையில கொண்டாந்து கொடுக்கிறான். நான் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கவே இல்லை” என்றார் மாமா.

யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடுப்பைப் பார்த்துச் சேர்க்காதவர்கள் அந்த நாய்க்கு வலியைக் கொடுத்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களும் அவர்களுக்குப் பின் வந்த வேட்டைக்காரர்களும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, அதன் வாயில் இன்னும் மென்மையாக இருக்கிறது.